ஆர்வியில் இரண்டு வாரம்: லாஸ் வேகஸிலிருந்து யூட்டா, அரிசோனா சுற்றிவர முழு வழிகாட்டி

ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி, எடுத்து ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது, பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதுவது. கார் பயணத்துக்கு அது போதும். பன்னிரண்டு அடி உயரம், எட்டு அடிக்கு மேல் அகலம் உள்ள வண்டிக்குப் போதாது. இரவு வண்டி எங்கே நிற்கும்? எந்தச் சாலையில் அது நுழையவே கூடாது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் இடங்களின் பட்டியலுக்கே வேலை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்கொண்டிருக்கும் பாதை லாஸ் வேகஸில் தொடங்கி அங்கேயே முடிகிறது. வேலி ஆஃப் ஃபயர், சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், மோவாப், மான்யுமென்ட் வேலி, பேஜ், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, பிறகு திரும்பல். நேர் கணக்கில் சுமார் 1,300 மைல். பூங்காக்களுக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 1,500 வரும். இரண்டு வாரம் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காலத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. பள்ளி விடுமுறையை முன்னிட்டு ஜூலையில் போகிறவர்கள் அதிகம். ஆனால் சயானிலும் மோவாபிலும் அப்போது பகல் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். போதாததற்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தப் பகுதியின் பருவமழை வேறு. குறுகிய பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளம் பாயும் காலம் அது. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், பல மைல் தள்ளிப் பெய்த மழை ஓடிவந்து சேரும்.

வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் ஒரு குறை உண்டு. பிரைஸ் கேன்யனின் விளிம்பு 8,000 அடிக்கு மேலே இருக்கிறது. பகலில் சட்டையோடு நடப்பீர்கள், இரவில் தண்ணீர் உறையும். அப்படிப்பட்ட இரவுகளில் வெளிக் குழாயில் மாட்டிய தண்ணீர் ஹோஸைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். டேங்கில் இருக்கும் தண்ணீரே இரவுக்குப் போதும்.

வண்டியின் அளவு: பதிவுக்கு முன்பே

மோட்டார்ஹோம்களில் மூன்று வகை. ஏ கிளாஸ் என்பது பேருந்து அளவு, இந்தப் பயணத்துக்கு வேண்டாம். பி கிளாஸ் என்பது உயரக் கூரை போட்ட வேன். இருவருக்குப் போதும், சின்னக் குழந்தையோடு மூவர் சமாளிக்கலாம். சி கிளாஸ் என்பது டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வண்டி. வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பான்மை இதுதான். குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். சாதாரணக் கார் உரிமமே போதும்.

நான்கு பேருக்கு 25 அடி வண்டி சரியாக வரும். 30 அடியைத் தாண்டாதீர்கள். கிராண்ட் கேன்யனில் மேதர் கேம்ப்கிரவுண்ட் 30 அடிக்கு மேற்பட்ட வண்டியை ஏற்காது. வாகன நிறுத்தங்களிலும் நீளம் கூடக்கூட இடம் அரிதாகும்.

“ஆறு பேர் படுக்கலாம்” என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி ஆறு பேர் கிளம்பாதீர்கள். படுக்கைகளின் எண்ணிக்கை வேறு, சீட் பெல்ட்டுகளின் எண்ணிக்கை வேறு. குழந்தை இருக்கையை எந்த இடத்தில் மாட்டலாம் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் பின்பக்கப் படுக்கையை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். டிரைவர் சீட்டுக்கு மேலே உள்ள பரணுக்கு ஏணியில் ஏற வேண்டும், பாதி ராத்திரியில் இறங்குவது அவர்களுக்குக் கஷ்டம். பிள்ளைகளுக்கோ அந்தப் பரண்தான் பயணத்தின் பாதி சந்தோஷம்.

வண்டிக்கு முன் இடம்

அளவு முடிவானதும் வண்டியைப் பதிவு செய்ய ஓடாதீர்கள். பூங்காக்களுக்குள் இருக்கும் முகாம் இடங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும். சயானின் வாட்ச்மேன், மோவாபை ஒட்டிய ஆர்ச்சஸ் பூங்காவின் டெவில்ஸ் கார்டன், கேப்பிடல் ரீஃபின் ஃப்ரூட்டா, கிராண்ட் கேன்யனின் மேதர் எல்லாவற்றுக்கும் ரெக்ரியேஷன்.கவ் இணையதளத்தில் ஆறு மாதம் முன்னதாக முன்பதிவு திறக்கும். திறந்த அன்றே பார்க்க வேண்டும். கிடைத்த தேதிகளை வைத்துப் பாதையின் திசையையே திருப்பிக்கொள்ளலாம். இந்தச் சுற்றை எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் அழகு குறையாது.

இந்த இடங்களில் மின்சாரம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வாட்ச்மேனில் சில வரிசைகளில் மின் இணைப்பு உண்டு. டெவில்ஸ் கார்டன், ஃப்ரூட்டா, மேதர், பிரைஸின் இரண்டு முகாம்கள் எதிலும் ஹூக்கப் கிடையாது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் சேர்ந்த முழு ஹூக்கப் வேண்டுமென்றால் பூங்காவுக்கு வெளியே உள்ள தனியார் ஆர்வி பார்க்குகள்தான். கிராண்ட் கேன்யனில் மட்டும் டிரெய்லர் வில்லேஜ் விதிவிலக்கு. பூங்காவுக்குள்ளேயே முழு ஹூக்கப்.

என் வழக்கம், இரண்டு இரவு இணைப்பில்லாமல், மூன்றாவது இரவு முழு ஹூக்கப்போடு. டேங்குகளின் கொள்ளளவும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குக்கே ஒத்துவரும்.

இடங்கள் கையில் வந்த பிறகு வண்டி. வாடகை விலையை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். மைல் கட்டணம், ஜெனரேட்டர் மணிக்கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம், பாத்திரம் படுக்கை விரிப்புக்கான கட்டணம், காப்பீடு என்று பின்னால் ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும் கூட்டி இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால்தான் உண்மையான விலை தெரியும். எரிபொருளும் சின்னச் செலவில்லை. சி கிளாஸ் வண்டி கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் கொடுக்கும். 1,500 மைலுக்கு ஏறக்குறைய 165 கேலன்.

நுழைவுக் கட்டணத்தில் புதிய மாற்றம் ஒன்று. 2026 ஜனவரி முதல் எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான வருடாந்தரப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவர், கூட்டம் அதிகமுள்ள 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதலாகத் தர வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது கிடையாது. நம் பாதையில் சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. மாநிலப் பூங்காக்களிலும் நவஹோ பழங்குடியினரின் நிலத்திலும் இந்தப் பாஸ் செல்லாது, அங்கே தனிக் கட்டணம்.

பாதை, நாள் நாளாக

முதல் நாள் வண்டி பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கைக்கு வரும். விளக்கம் கேட்டு, மளிகை வாங்கி, பெட்டிகளை அலமாரிக்கு மாற்றினால் மாலையாகிவிடும். அன்றைக்கே சயான் வரை ஓட்ட நினைக்காதீர்கள். லாஸ் வேகஸிலிருந்து 50 மைலில் வேலி ஆஃப் ஃபயர் மாநிலப் பூங்கா. அங்கே அட்லாட்டில் ராக் முகாமில் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கும். செம்மண் பாறைகளுக்கு நடுவே பழங்குடியினரின் பாறைச் செதுக்கல்கள் படிக்கட்டு ஏறினால் கண்ணுக்கெதிரே. புது வண்டியில் எந்த பொத்தான் எதற்கு என்று பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஏதாவது வேலை செய்யவில்லையென்றால் திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளும் தூரத்திலும் இருக்கிறீர்கள்.

இரண்டாம் நாள் ஐ-15 நெடுஞ்சாலையில் சயான். நடுவே அரிசோனாவின் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு வர்ஜின் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் சாலை ஏறும். வளைவும் காற்றும் சேர்ந்த இடம், வலப்பக்கத் தடத்திலேயே நிதானமாகப் போங்கள். சயானில் இரண்டு இரவு. மார்ச் முதல் நவம்பர் வரை உள் பள்ளத்தாக்குச் சாலையில் தனியார் வண்டிகளுக்கு அனுமதியில்லை, இலவசப் பேருந்துதான். ஆர்வியில் வருகிறவர்களுக்கு இது வரம். வாட்ச்மேனில் வண்டியைப் போட்டுவிட்டு நடந்தே போய்ப் பேருந்து ஏறலாம். ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற 2022 முதல் அனுமதிச் சீட்டு வேண்டும், குலுக்கலில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். ஆற்றுக்குள்ளேயே நடந்துபோகும் நேரோஸ் பாதைக்கு, கீழ்ப்பகுதியிலிருந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்ப எந்தச் சீட்டும் வேண்டாம். குடும்பத்தோடு போனால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இனி இந்தப் பயணத்தின் மிகப் பெரிய முடிச்சு. சயானிலிருந்து பிரைஸுக்குக் கார்கள் போகும் நேர்வழி, 1930இல் திறந்த சயான்–மவுன்ட் கார்மல் சுரங்கப்பாதை வழியாக. நீளம் 1.1 மைல். அந்தக் காலத்து வண்டிகளுக்காகக் குடைந்தது, இன்றைய மோட்டார்ஹோமுக்கு இல்லை. முன்பெல்லாம் 15 டாலர் கட்டினால் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்திப் பெரிய வண்டியை நடுவே விடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. அந்த ஏற்பாடு 2026 ஜூன் 7 முதல் கிடையாது. 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டிய வண்டிகள் இனி அந்தச் சாலையிலேயே போகக்கூடாது. சி கிளாஸ் வண்டி அகலத்திலேயே தோற்றுவிடும். பி கிளாஸ் வேன் பெரும்பாலும் போகும். இருவராகப் போகிறவர்கள் வேன் எடுக்க இது ஒன்றே போதுமான காரணம்.

சி கிளாஸில் போகிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஹரிக்கேன் ஊருக்குத் திரும்பி, யூட்டா 59இல் மேடேறி, அரிசோனா 389இல் ஃப்ரெடோனியா, அங்கிருந்து கனாப், பிறகு யுஎஸ் 89இல் வடக்கே. மற்றொன்று, ஐ-15இல் வடக்கே போய் யூட்டா 20இல் மலையைக் கடந்து யுஎஸ் 89இல் இறங்குவது. சுரங்க வழி 85 மைல் என்றால் இவை ஏறக்குறைய இரு மடங்கு. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். செங்குன்றுகளை ஒட்டிய திறந்த சமவெளி, போக்குவரத்தும் குறைவு. இடையில் அரிசோனாவுக்குள் நுழையும்போது கைப்பேசிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் குதிக்கலாம், பதறாதீர்கள்.

பிரைஸில் இரண்டு இரவு. சன்செட் பாயிண்டில் இறங்கும் நவஹோ லூப்பும் குவீன்ஸ் கார்டன் பாதையும் சேர்ந்த சுற்றுதான் இந்தப் பூங்காவின் உயிர். மேலே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி பூங்காவைத்தான் பார்க்கிறார்கள். பாறைத் தூண்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பேருந்து ஓடும் பருவத்தில் நீளமான வண்டிகளை விளிம்பு நிறுத்தங்களில் விடமாட்டார்கள். வெளியே நிறுத்திவிட்டு இலவசப் பேருந்தில் போங்கள். நிலா இல்லாத நாளாகப் பார்த்து வந்தால் பால்வீதியை வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

அடுத்து யூட்டா 12. என்னைக் கேட்டால் இந்தச் சுற்றில் எந்தப் பூங்காவையும்விட இந்தச் சாலைதான் மேல். எஸ்கலான்டேவுக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்ற முதுகு. இரண்டு பக்கமும் பள்ளம், நடுவே குறுகலான சாலை, தடுப்புச் சுவர் இல்லை. ஆர்வி போகலாம், தினமும் போகின்றன. ஆனால் காற்று பலமாக அடிக்கும் நாளிலும் இருட்டிய பிறகும் வேண்டாம். அதைத் தாண்டினால் போல்டர் மலை, 9,600 அடி. ஆஸ்பென் மரக்காடு. மே மாதத்தில்கூட மேலே பனிப்பொழிவு இருக்கலாம். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க விடுங்கள். பாரம் இழுக்கும்போது போடும் டோ-ஹால் பொத்தான் இருந்தால் அது இதற்கும் உதவும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும், வாடை வந்தால் ஒதுங்கி நின்று ஆறவிட வேண்டும்.

கேப்பிடல் ரீஃபில் ஃப்ரூட்டா முகாம், மோர்மன் குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்களின் நடுவே. ஜூனில் செர்ரி, பிறகு ஆப்ரிகாட், பீச், பேரி, செப்டம்பர் வாக்கில் ஆப்பிள். அறுவடைக்குத் திறந்திருக்கும் தோட்டத்தில் நின்று தின்பதற்குக் காசில்லை, பறித்து எடுத்துப்போனால் மட்டும் விலை. பக்கத்தில் கிஃபர்ட் வீட்டில் பழம் வைத்துச் சுட்ட பை (pie) விற்பார்கள், காலையிலேயே போனால்தான் கிடைக்கும். யூட்டா 24 ஓரத்துப் பாறைகளில் ஃப்ரீமான்ட் என்ற பழங்கால மக்களின் செதுக்கல்களைச் சாலையிலிருந்து சில எட்டில் பார்க்கலாம்.

ஃப்ரூட்டாவிலிருந்து மோவாப் 150 மைல், நடுவில் வெறுமை. ஹாங்க்ஸ்வில்லில் பெட்ரோல் நிரப்புங்கள். அங்கே ஒரு பங்கின் கடையைப் பாறையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் இறங்கிப் பார்க்கட்டும். வழியில் காப்ளின் வேலி என்ற மாநிலப் பூங்கா, காளான் போன்ற பாறைகளுக்கிடையே ஓடியாடத் தடையில்லை. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மோவாபில் இரண்டு இரவு. ஆர்ச்சஸ் ஒரு நாள், கேன்யன்லேண்ட்ஸ் ஒரு நாள். ஆர்ச்சஸில் சில ஆண்டுகள் நேர முன்பதிவு இருந்தது, அந்த விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது. கிளம்புமுன் பூங்காவின் தளத்தைப் பாருங்கள். டெலிகேட் ஆர்ச் ஏற்றத்துக்கு நிழலே இல்லை, விடியற்காலையில் தொடங்குங்கள். பெரிய வண்டிக்கான நிறுத்தங்களும் காலையிலேயே நிரம்பிவிடும். கேன்யன்லேண்ட்ஸ் பக்கம் டெட் ஹார்ஸ் பாயிண்ட் மாநிலப் பூங்காவில் மின் இணைப்போடு முகாம் உண்டு. தண்ணீரை லாரியில் மேலே கொண்டுவருகிறார்கள். ஆகவே மோவாபிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

மோவாபிலிருந்து தெற்கே யுஎஸ் 191, பிளஃப் ஊரில் யுஎஸ் 163. மான்யுமென்ட் வேலியை நோக்கி நேர்க்கோடாக இறங்கும் சாலையில் 13ஆம் மைல் கல் அருகே எல்லோரும் நடுரோட்டில் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள், நடுரோட்டு ஆசை வேண்டாம். பள்ளத்தாக்குக்குள் போகும் 17 மைல் மண்சாலையில் ஆர்விக்கு அனுமதியில்லை. நவஹோ வழிகாட்டியோடு திறந்த வண்டியில் போவதே நல்லது. சாலையில் தெரியாத பகுதிகளுக்கும் அவர்களால்தான் அழைத்துப் போக முடியும். தி வியூ முகாமில் ஹூக்கப் இல்லை, ஆனால் ஜன்னலைத் திறந்தால் மிட்டன் பாறைகள். கோல்டிங்ஸில் முழு ஹூக்கப், காட்சி கொஞ்சம் தள்ளி. நவஹோ நிலத்தில் மதுவுக்குத் தடை.

இங்கே கடிகார விவகாரம் இன்னும் கெட்டியாகும். அரிசோனா கோடைகால நேரமாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ நாடு கடைப்பிடிக்கிறது. மார்ச் முதல் நவம்பர் வரை மான்யுமென்ட் வேலியில் பத்து மணி என்றால் பேஜில் ஒன்பது. பேஜில் ஆன்டிலோப் கேன்யன் பயணத்துக்கு நேரம் பதிவு செய்யும்போது எந்த நேரம் என்று நிறுவனத்திடம் கேட்டு, கைப்பேசியைத் தானியங்கியிலிருந்து எடுத்து அந்த நேரத்தைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள். நவஹோ வழிகாட்டி இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்குக்குள் யாரும் போக முடியாது, தவறவிட்டால் அடுத்த இடம் கிடைப்பது அரிது. ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு முன்பதிவு வேண்டாம், நகராட்சி நிறுத்தக் கட்டணம் மட்டும். பவல் ஏரிக்கரையில் வாஹ்வீப் முகாமில் முழு ஹூக்கப் கிடைக்கும். டேங்குகளைக் காலி செய்ய நல்ல நிறுத்தம்.

கிராண்ட் கேன்யனுக்குக் கேமரன் வழியாகக் கிழக்கு வாயிலில் நுழையுங்கள். 1932இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்துக் கட்டிய டெசர்ட் வியூ கோபுரம் முதலில் வரும், கூட்டமும் குறைவு. வடக்கு விளிம்பைத் திட்டத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கு: 2025 ஜூலைக் காட்டுத்தீயில் அங்கிருந்த விடுதி எரிந்துபோனது. எதெல்லாம் திறந்திருக்கிறது என்று பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

தெற்கு விளிம்பிலிருந்து லாஸ் வேகஸ் 280 மைல். வண்டியைப் பெரும்பாலும் முற்பகலுக்குள் திருப்பித் தர வேண்டியிருக்கும், ஆகவே அதே நாளில் ஓட்டிவந்து ஒப்படைப்பது நடக்காது. கடைசி இரவை ஹூவர் அணைக்கு அருகே மீட் ஏரியின் போல்டர் பீச் முகாமில் வையுங்கள்.

ஒரு வாரம் மட்டும் இருப்பவர்கள் மோவாபையும் மான்யுமென்ட் வேலியையும் விட்டுவிட்டு, சயான், பிரைஸ், கனாப் வழியாகப் பேஜ், கிராண்ட் கேன்யன் என்று சுருக்குங்கள். எல்லாவற்றையும் ஏழு நாளில் திணித்தால் சாலையைத் தவிர எதுவும் நினைவில் இருக்காது.

ஓட்டும்போது

வரைபடச் செயலி சொல்லும் நேரத்தோடு நான்கில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 மைலுக்கு மேல் வேண்டாம். கடைசி நாளைத் தவிர, ஒரு நாளுக்கு 150 மைல் அளவு போதும். இருட்டுவதற்குள் முகாம் சேர வேண்டும். சாலையில் மான்களும் வேலியில்லாத மேய்ச்சல் நிலத்து மாடுகளும் குறுக்கே வரும்.

செயலி காட்டும் குறுக்கு வழிகளை நம்பாதீர்கள். யூட்டா 261இல் மோக்கி டக்வே என்று ஒரு இடம், மூன்று மைல் மண்சாலை, மலைச் சரிவில் கொண்டையூசி வளைவுகள். ஆர்விக்கு அது பாதையே இல்லை. வாடகை ஒப்பந்தங்களும் மண்சாலையைப் பெரும்பாலும் தடை செய்கின்றன, அங்கே ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது. வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். உணவக டிரைவ்-த்ரூ கூரைகளில் மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் தாங்கள் காரில் இருப்பதாக ஒரு நொடி நினைத்தவர்கள்தான். திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசும், பெட்ரோல் பங்கின் கம்பங்கள் அதற்குத்தான் காத்திருக்கின்றன. பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி வழிகாட்டட்டும். வண்டி ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக் கூடாது, காபி போடவும் கூடாது.

தண்ணீர், மின்சாரம், கழிவு

பலர் ஆர்வி வேண்டாம் என்று ஒதுங்குவது கழிவு டேங்க் பயத்தில்தான். உண்மையில் அது பத்து நிமிட வேலை. வண்டியில் மூன்று டேங்க்: நல்ல தண்ணீர், குளியல் சமையலறைத் தண்ணீருக்கு கிரே, கழிப்பறைக்கு பிளாக். கழிவை இறக்கும் இடமான டம்ப் ஸ்டேஷனில் கையுறை போட்டு, ஹோஸை இறுக்கமாக மாட்டி, முதலில் பிளாக்கைத் திறந்துவிடுங்கள். அது தீர்ந்ததும் கிரே. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். முழு ஹூக்கப் இருக்கிறதே என்று பிளாக் வால்வை எப்போதும் திறந்து வைக்காதீர்கள். தண்ணீர் வடிந்து திடக்கழிவு கீழே தங்கிவிடும். பாதிக்கு மேல் நிரம்பிய பிறகு மொத்தமாகத் திறக்க வேண்டும்.

நம் வீடுகளில் கழுவத் தண்ணீர் பயன்படுத்துவோம். டேங்குக்கு அது நல்லதே, காகித அடைப்பு குறையும். ஆனால் டேங்க் சீக்கிரம் நிரம்பும், காலி செய்யும் நாளை ஒரு நாள் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். குளியலில் நனைந்ததும் குழாயை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசினால் இணைப்பில்லாத இரண்டு நாளை நால்வர் ஓட்டலாம். வடித்த கஞ்சியும் எண்ணெய்ப் பாத்திரமும் கழுவுதொட்டிக்குள் போகக் கூடாது. காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் கிரே டேங்க்தான் பிளாக்கைவிட நாறும்.

மின்சாரத்தில் ஒரு கணக்கு. இணைப்பில்லாத இரவில் பேட்டரி விளக்கையும் தண்ணீர் மோட்டாரையும் தாங்கும். அடுப்பும் ஹீட்டரும் புரொப்பேன் எரிவாயுவில் ஓடும், பல வண்டிகளில் ஃபிரிட்ஜும் அப்படித்தான். ஏசி, மைக்ரோவேவ், இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கர் மூன்றுக்கும் வெளி மின்சாரமோ ஜெனரேட்டரோ வேண்டும். முகாம்களில் ஜெனரேட்டருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட் கொடுக்கும். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் இன்ஸ்டன்ட் பாட்டையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

ஆகவே சமையலுக்குச் சாதாரண விசில் குக்கரையே எடுத்துப் போங்கள். பிரைஸின் உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கரிலும் ஓரிரு விசில் கூடுதலாக வைக்க வேண்டும். தாளிக்கும்போது கூரை விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை அபாயமணி தலைக்கு மேலேயே இருக்கிறது. மளிகையை லாஸ் வேகஸில் முழுவதுமாக வாங்கிவிடுங்கள். மோவாபில் நல்ல கடை உண்டு, நடுவில் எதையும் நம்ப முடியாது. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வீட்டிலிருந்தே வந்தால் மழை நாளில் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வண்டியை வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

வாங்கும்போது நான்கு பக்கமும், கூரையும், டயரும், உள் அலமாரிகளும் தெரிய வீடியோ எடுங்கள். மைல் மீட்டர், ஜெனரேட்டர் மணி மீட்டர், புரொப்பேன் அளவு மூன்றையும் படம் பிடியுங்கள். அடுப்பு, ஹீட்டர், தண்ணீர் மோட்டார், ஏசி எல்லாவற்றையும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், சமன்படுத்தும் கட்டைகள், கழிவு ஹோஸ் வண்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கொடுக்கும் நாள் காலையில் முகாமிலேயே பிளாக், கிரே இரண்டையும் காலி செய்துவிடுங்கள், டேங்க் நிரம்பிய வண்டிக்கு அபராதம் பெரிது. நிறுவனத்துக்குப் பக்கத்துப் பங்கில் வரிசை இருக்கும், போல்டர் சிட்டியிலேயே பெட்ரோல் போட்டுவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதே மூன்று மீட்டர்களையும் மறுபடி படம் எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.